பழைய ஜிம் கடிகாரக் கணக்கில் ஒரு குத்துச்சண்டைப் பயிற்சி: கைக்கட்டிலிருந்து மூட்டை வரை

அமெரிக்காவின் மயாமி பீச்சில் 1950-இல் கிறிஸ் டண்டி தொடங்கிய ஃபிஃப்த் ஸ்ட்ரீட் ஜிம்மில்தான் குத்துச்சண்டை வீரர் முகமது அலி, கிறிஸின் தம்பி ஆஞ்சலோ டண்டியிடம் பயிற்சி எடுத்தார். அந்தக் காலத்து ஜிம்களில் கடிகாரம்தான் வாத்தியார்: 3 நிமிடம் வேலை (இதுதான் ஒரு ரவுண்டு), 1 நிமிடம் ஓய்வு. செல்போனில் ரவுண்டு டைமர் வைத்தால் வீட்டிலும் அதே கணக்கில் பழகலாம்.

முதலில் கைக்கட்டு, அதாவது குத்தும் முன் கையில் துணி சுற்றுவது. இதில் அவசரம் கூடவே கூடாது. 180 அங்குல (சுமார் 4.5 மீட்டர்) துணி வாங்குங்கள். விரல்களை நன்றாக விரித்து, மணிக்கட்டை நேராக வையுங்கள். துணியின் முனையில் உள்ள வளையத்தைக் கட்டைவிரலில் மாட்டி, துணியைப் புறங்கை வழியாகக் கொண்டுபோய் மணிக்கட்டில் 3 சுற்று, பிறகு விரல் முட்டிகள்மேல் 3 சுற்று. உள்ளங்கைப் பக்கமாகத் தொடங்கினால் கையை மடக்கும்போது கட்டு தளரும். அடுத்து சுண்டுவிரலிலிருந்து தொடங்கி மூன்று விரலிடுக்கிலும் ஒவ்வொரு முறை விட்டு, ஒவ்வொரு தடவையும் மணிக்கட்டுக்குத் திரும்புங்கள். கட்டைவிரலை ஒரு சுற்றுச் சுற்றிப் பூட்டி, முட்டிமேல் மறுபடி 2 சுற்று போட்டு, மீதியை மணிக்கட்டில் சுற்றி, மறுமுனையில் உள்ள ஒட்டும் பட்டையால் ஒட்டுங்கள். கையை விரித்தால் இதமாகவும், மடக்கினால் இறுக்கமாகவும் இருக்க வேண்டும். விரல் நுனி மரத்தாலோ நீலம் பாய்ந்தாலோ அவிழ்த்து மறுபடி கட்டுங்கள். பெரும்பாலும் விரலை விரிக்காமல் கட்டியதுதான் காரணம். முட்டிமேல் துணி சுருங்கியிருந்தால் தோல் உரியும்.

ஸ்கிப்பிங் 3 ரவுண்டு. கயிற்றின் நடுவை மிதித்து நின்றால் கைப்பிடிகள் அக்குளை எட்ட வேண்டும். வெறும் சிமென்ட் தரையில் குதித்தால் முன்னங்கால் எலும்பு வலிக்கும். பலகையோ ரப்பர் பாயோ நல்லது. பிறகு ஷேடோ, அதாவது எதிரில் ஆள் இருப்பதாக நினைத்துக் காற்றில் குத்துவது, 2 ரவுண்டு.

தொங்கவிட்ட குத்து மூட்டையில் 4 ரவுண்டு போதும். மூட்டையின் எடை உங்கள் எடையில் பாதி இருக்கட்டும். அது ஊஞ்சலாக ஆடினால் நீங்கள் குத்தவில்லை, தள்ளுகிறீர்கள். குத்தியதும் கையை உடனே இழுங்கள். ஆள்காட்டி, நடுவிரல் முட்டிகள் முதலில் பட வேண்டும். நாளாக ஆக உள்ளே இருப்பது அடியில் இறங்கி, கீழ்ப்பகுதி கல்லாகிவிடும். அங்கே தாழக் குத்தினால் மணிக்கட்டு போய்விடும். மாதம் ஒருமுறை தடவிப் பார்த்து, கெட்டியாகியிருந்தால் கொட்டித் துணிக்கந்தலை அடுக்கி நிரப்புங்கள்.

முடித்ததும் கைத்துணியைத் துவைத்துக் காயப்போட்டு, ஒட்டும் பட்டை உள்ளே போகும்படி அந்த முனையிலிருந்து சுருட்டுங்கள்; மறுநாள் வளையம் வெளியே தயாராக இருக்கும்.