வயதான நாய்க்கு வீட்டைத் தயார் செய்தல்

நாய் படுத்த இடத்திலிருந்து எப்படி எழுகிறது என்பதை ஒரு வாரம் தொடர்ந்து கவனியுங்கள். இளம் நாய் ஒரே வீச்சில் எழுந்துவிடும். வயதான நாயோ முன்னங்கால்களை ஊன்றி உடம்பை நிமிர்த்தி, சற்றுத் தாமதித்து, அதன் பிறகுதான் பின்பாகத்தைத் தூக்கும். பினாங்கில் எங்கள் தரைவீட்டில் 13 வயது வரை வாழ்ந்த ஜூலி, வழவழப்பான டைல்ஸ் தரையில் எழ முயலும்போதெல்லாம் பின்னங்கால்கள் இரண்டும் பக்கவாட்டில் விலகிப்போக, நகங்கள் தரையைக் கீறும் ஓசை சமையலறை வரை கேட்கும். "வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று பல மாதங்கள் சொல்லிக்கொண்டே இருந்தோம். அது மூட்டுத் தேய்மானத்தின் வலி என்பதும், அந்த வலியை நாள்தோறும் கூட்டிக்கொண்டிருந்தது எங்கள் தரைதான் என்பதும் பிறகுதான் தெரியவந்தது.

ஆகவே மருந்துக்கு முன் தரையைக் கவனிப்பது நல்லது. ஹார்ட்வேர் கடையில் மீட்டர் கணக்கில் வெட்டித் தரும் வழுக்காத ரப்பர் விரிப்பு போதும். யோகா பாயும் உதவும். படுக்கையிலிருந்து தண்ணீர்ப் பாத்திரத்துக்கும், அங்கிருந்து வாசலுக்கும் இடைவெளியின்றிப் பாதைபோல் விரிக்க வேண்டும், ஏனெனில் நடுவில் இரண்டடி வெறுந்தரை இருந்தாலும் நாய் அங்கேயே தயங்கி நின்றுவிடும். பாத விரல்களுக்கு இடையில் வளரும் முடியைக் கத்தரித்து, நகங்கள் தரையில் தட்டாத அளவுக்கு வெட்டிவிடுங்கள். நீண்ட நகம் பாதத்தின் பிடிப்பைக் கெடுக்கும். படிகளில் ஏறி இறங்க வேண்டிய வீடாக இருந்தால், பழைய துண்டொன்றை அடிவயிற்றின் கீழே, பின்னங்கால்களுக்குச் சற்று முன்னால் கொடுத்து இரு முனைகளையும் மேலே பிடித்துக்கொண்டால், பின்பாகத்தின் எடையில் பாதியை நீங்களே தாங்கலாம்.

படுக்கை தடிப்பாக இருக்க வேண்டும் என்பார்கள். ஆனால் நம் ஊர்ப் புழுக்கத்தில் நாய் தடித்த மெத்தையை விட்டு இறங்கி, குளிர்ச்சியான தரையில்தான் போய்ப் படுக்கும். முழங்கை காய்த்துப் போவதும் அதனால்தான். மெத்தையின்மேல் பருத்தித் துணி விரித்து, காற்றாடிக்குக் கீழே வைத்துப் பாருங்கள், அல்லது தரையிலிருந்து சற்று உயர்த்திய கேன்வாஸ் கட்டிலை வாங்குங்கள்.

நடையை நிறுத்திவிடக் கூடாது. காலை எட்டு மணிக்கு முன்பும் மாலை வெயில் தாழ்ந்த பிறகும் பத்துப் பதினைந்து நிமிடம் மெதுவாக நடந்தால் தசை தேயாமல் இருக்கும். தார்ச்சாலையில் புறங்கையை ஏழு விநாடி வைத்திருக்க முடியவில்லை என்றால் நாயின் பாதத்துக்கும் அந்தச் சூடு ஆகாது.

உணவில் நம் வீடுகளுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. புரட்டாசி மாதத்திலும் தைப்பூச விரதத்திலும் வீட்டில் அசைவம் சமைப்பதில்லை என்பதால், நாய்க்கும் வாரக்கணக்கில் தயிர்ச்சாதம் மட்டுமே கிடைக்கிறது. வயதான நாய்க்குத் தசையைக் காக்கப் புரதம் தேவை. சிறுநீரக நோய் காரணமாக மருத்துவரே குறைக்கச் சொன்னால் ஒழிய, அதைக் குறைக்க வேண்டாம். நம் விரதம் நம்மோடு இருக்கட்டும். அந்த நாட்களுக்கென்று கடையில் விற்கும் நாய் உணவை வாங்கி வைத்துக்கொள்ளலாம். மிஞ்சிய சாம்பாரையும் கறிக்குழம்பையும் சோற்றில் பிசைந்து போடும் பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும், வெங்காயம் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடியது. உடல் எடை கூடக் கூட மூட்டின் பாரமும் கூடும் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

வலி தெரிந்தவுடன் வீட்டு மருந்துப் பெட்டியைத் திறப்பதுதான் நான் அதிகம் அஞ்சும் தவறு. பாராசிட்டமால் நாயின் கல்லீரலையும் இரத்தத்தையும் கெடுக்கும். ஐபுபுரூஃபன் வயிற்றில் புண்ணை உண்டாக்கிச் சிறுநீரகத்தையும் பழுதாக்கும். பாட்டி அன்போடு முட்டியில் தேய்த்துவிடும் கோடாலித் தைலமும் ஆகாது, ஏனெனில் நாய் அதை நக்கி விழுங்கிவிடும். நாய்களுக்கென்றே உள்ள வலிநிவாரணிகள் இருக்கின்றன. இரத்தப் பரிசோதனையில் சிறுநீரகமும் கல்லீரலும் எப்படி உள்ளன என்று பார்த்துவிட்டு, எடைக்கேற்ற அளவைக் கால்நடை மருத்துவர் எழுதித் தருவார். பெரிய இன நாய்களுக்கு ஏழு வயதிலிருந்தும், சிறியவற்றுக்குப் பத்து வயதிலிருந்தும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை இந்தப் பரிசோதனையைச் செய்வது நல்லது. பல்லையும் அப்போதே பார்க்கச் சொல்லுங்கள்.

மருத்துவரிடம் போகும்போது ஒரு குறிப்பேட்டோடு போனால் பாதி வேலை முடிந்தது போல. நாய் ஆழ்ந்து தூங்கும்போது மார்பு ஏறி இறங்குவதை முப்பது விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். நிமிடத்துக்கு 30-க்கு மேல் தொடர்ந்து பல நாள் இருந்தால் இதயத்தைச் சோதிக்க வேண்டும். இரவில் இருமலும் சேர்ந்துகொண்டால் தாமதிக்காதீர்கள். தண்ணீரை அளந்து ஊற்றுங்கள்: ஒரு நாளில் ஒரு கிலோ எடைக்கு 100 மில்லிலிட்டருக்கு மேல், அதாவது 12 கிலோ நாய் 1.2 லிட்டருக்கு மேல் குடித்தால், சிறுநீரகம், நீரிழிவு, சுரப்பிக் கோளாறு ஆகியவற்றைச் சோதிக்க வேண்டும். அதிகம் குடிக்கிறதே என்று தண்ணீரை ஒளித்து வைப்பது பெருந்தீங்கு. கருத்தடை செய்யாத பெண் நாய், இனச்சேர்க்கைப் பருவம் (சூடு) வந்து சில வாரங்களில் அதிகம் நீர் குடித்துச் சோர்ந்து கிடந்தால் கருப்பையில் சீழ் பிடித்திருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். ஈறு வெளிறியிருந்தாலும் அப்படியே, உண்ணி கடித்துப் பரவி இரத்தத்தைக் குறைக்கும் உண்ணிக் காய்ச்சல் நம் ஊரில் அரிதன்று.

ஜூலி கடைசி ஆண்டில் இரவு மூன்று மணிக்கு எழுந்து வீட்டைச் சுற்றுவாள். கதவுக்குப் பின்னால் சுவரைப் பார்த்தபடி, திரும்பி வரத் தெரியாமல் நிற்பாள். மனிதரின் மறதி நோயை ஒத்த மூளைத் தளர்ச்சி இது. திட்டிப் பயனில்லை. சிறு இரவு விளக்கொன்றை எரியவிட்டு, மேசை நாற்காலிகளை இடம் மாற்றாமல் வைத்து, பகலில் சற்று நடக்க வைத்தோம். முழுவதும் நிற்கவில்லை, ஆனால் குறைந்தது. காது கேட்காத நாயைப் பின்னாலிருந்து தொட வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள், திடுக்கிட்டுக் கடித்துவிடும்.

தீபாவளி இரவும், ஹொக்கியன் சீன மக்களின் தீ கோங் (வானக் கடவுள்) பூசை நடக்கும் சீனப் புத்தாண்டு ஒன்பதாம் நாளுக்கு முந்திய நள்ளிரவும் பினாங்கில் வெடிச்சத்தம் ஓயாது. நாயை உள்ளறையில் வைத்து, சன்னலைச் சாத்தி, காற்றாடியையும் தொலைக்காட்சியையும் ஓடவிடுங்கள். நடுங்கி மூச்சிரைக்கும் நாய்க்கு முன்கூட்டியே மருந்து கேட்டு வாங்கலாம். தைப்பூசத்தன்று குடும்பமே தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போய்விட்டால், நண்பகலில் ஒருவர் வந்து தண்ணீர் மாற்றிச் சிறுநீர் கழிக்க வெளியே விட ஏற்பாடு செய்துவிட்டுப் புறப்படுங்கள்.

எழவே முடியாத நிலை வந்தால், நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபக்கம் புரட்டிப் படுக்க வைத்து, இடுப்பெலும்பிலும் முழங்கையிலும் தோல் சிவக்கிறதா என்று பாருங்கள். ஈரத்தை உடனே துடைத்து உலர்த்துங்கள், புண்ணில் ஈ மொய்த்தால் புழு வைக்க நம் வெப்பத்தில் ஒரே நாள் போதும். நாட்காட்டியில் நல்ல நாள், கெட்ட நாள் என்று குறித்து வாருங்கள். கெட்ட நாட்கள் மிகுந்து, உண்ணவும் விரும்பாதபோது, வலியின்றி முடித்து வைப்பதைப் பற்றி மருத்துவரிடம் வெளிப்படையாகப் பேசலாம். அவர் வீட்டுக்கு வருவாரா, ஞாயிற்றுக்கிழமை யாரை அழைப்பது என்பதையெல்லாம் முன்பே கேட்டு எழுதி வையுங்கள். நாங்கள் கேட்கவில்லை. ஜூலி படுத்திருந்த போர்வையின் நான்கு முனைகளையும் இருவர் பிடித்து, முதுகை வளைக்காமல், அப்படியே தூக்கிக் காரின் பின்னிருக்கையில் வைத்தோம். பெரிய நாயைத் தூக்க அதைவிட நல்ல வழி எனக்கு இன்றுவரை தெரியாது.