பனியன் கம்பெனியில் உடல்நலத் திட்டம்: தொழிலாளர்களைப் பங்கேற்கச் செய்வது எப்படி?

திருப்பூர் பனியன் கம்பெனியில் நடக்கும் மருத்துவ முகாமுக்கு டெய்லர்கள் வரத் தயங்குவதற்குக் காரணம் அக்கறையின்மை அன்று. பீஸ் ரேட்டில், அதாவது தைத்த உருப்படிக்கு இவ்வளவு என்ற கூலியில், தைப்பவருக்கு இயந்திரத்தை விட்டு எழும் ஒவ்வொரு நிமிடமும் கூலி இழப்பாகும். ஆகவே முகாமை ஷிப்டு நேரத்திற்குள்ளேயே வைத்து, அந்நேரத்திற்கு அவரவர் சராசரிக் கூலியைக் கணக்கிட்டுக் கொடுத்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், சந்தைக்கும் வீட்டு வேலைக்கும் அவர்களுக்கு இருப்பது அந்த ஒரு நாள்தான்.

அடுத்தது அச்சம். சர்க்கரையோ இரத்த அழுத்தமோ இருப்பது தெரிந்தால் வேலை போய்விடும் என்று அஞ்சுபவரைக் குறைசொல்ல முடியாது. பரிசோதனை முடிவு தொழிலாளரின் கைக்கு மட்டுமே போகும், மேற்பார்வையாளருக்குப் போகாது என்பதைத் தமிழிலும், வடமாநிலத்தவருக்கு இந்தியிலும் ஒடியாவிலும் எழுத்தில் அறிவியுங்கள், சொன்னபடியே நடங்கள்.

பயிற்சிகளை வேலை தரும் வலியிலிருந்து தொடங்குங்கள்: டெய்லர்களுக்குக் கழுத்தும் முதுகும், தைத்ததைச் சரிபார்க்கும் செக்கிங் பெண்களுக்குக் கண்ணும் காலும். கோவை, பல்லடம் பக்கத்து நூற்பாலைகளில் பஞ்சுத் தூசியால் வரும் நெஞ்சிறுக்கம், வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில்தான் பெரும்பாலும் முதலில் தலைகாட்டும் என்பதால், மூச்சுத்திறன் சோதனையை அந்நாளில், ஷிப்டின் தொடக்கத்திலும் முடிவிலும் செய்யுங்கள். தூசியைக் குறைக்காமல் யோகா வகுப்பு மட்டும் நடத்தினால் யாரும் நம்பமாட்டார்கள்.

நோய் கண்டறியப்பட்டவர் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டம்) மருந்தகம் சென்றுவரச் சம்பளத்துடன் அரைநாள் விடுப்புக் கொடுங்கள். மருத்துவர் ஓய்வு எழுதினால், தகுதியுள்ளவருக்கு ஆண்டில் 91 நாள் வரை கூலியில் 70 விழுக்காடு அத்திட்டத்திலிருந்து கிடைக்கும் என்பதையும் எடுத்துச் சொல்லுங்கள்.