க்ளெய்ம் பிரிவிலிருந்து எழுத்துக்கு வந்தவர் சொல்லும் வழி

வேலையை விட்டுவிட்டு ஃப்ரீலான்ஸ் எழுத்தாளராக நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எப்போது ராஜினாமா செய்யலாம்?" என்றுதான். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில், எதைப் பற்றி எழுதப் போகிறீர்கள்? "எது கொடுத்தாலும் எழுதுவேன்" என்பவரை எந்த வேலைக்குக் கூப்பிடுவது என்று யாருக்கும் தெரியாது.

நான் மருத்துவக் காப்பீட்டில், க்ளெய்ம் பிரிவில் இருந்தேன். ஆஸ்பத்திரி பில்லையும் பாலிசி விதிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, எவ்வளவு கிடைக்கும், மீதி ஏன் கிடைக்காது என்று கடிதம் எழுதுகிற வேலை. வெளியே வரும்போது பயணக் கட்டுரை, சினிமா என்று ஏகப்பட்ட ஆசை இருந்தது. ஆனால் எழுத்துக்காக முதலில் பணம் வந்தது, பாலிசியில் 'காத்திருப்புக் காலம்' (பாலிசி எடுத்த பிறகு சில சிகிச்சைகளுக்குப் பணம் கிடைக்காத ஆரம்பக் காலம்) எப்படி வேலை செய்கிறது என்று விளக்கிய ஒற்றைப் பக்கத்துக்கு. காப்பீட்டு மென்பொருள் விற்கும் சிறு நிறுவனம் அது. நன்றாக எழுதுகிறவர்கள் அவர்களிடம் ஏற்கெனவே இருந்தார்கள். விஷயத்தைத் தப்பில்லாமல் சொல்ல ஆள் இல்லை.

அதனால் உங்கள் பழைய வேலையை உதறிவிடாதீர்கள். அங்கே மற்றவர்கள் உங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை உட்கார்ந்து எழுதுங்கள். நர்ஸ், கணக்காளர், கிடங்குப் பொறுப்பாளர், ஆசிரியர் யாராக இருந்தாலும் அப்படி இருபது கேள்வியாவது தேறும். அப்புறம், அந்தப் பதில்கள் யாருக்குத் தேவை என்று பாருங்கள். உங்கள் துறைக்குப் பொருளோ சேவையோ விற்கும் நிறுவனங்கள், துறை சார்ந்த இதழ்கள், பயிற்சி தருபவர்கள். இவர்கள்தான் உங்கள் முதல் கிளையன்ட்கள்.

அடுத்தது சேம்பிள். யாராவது வேலை கொடுத்தால்தான் சேம்பிள் உருவாகும் என்றில்லை. எனக்குப் பிடித்த வழி: எல்லோரும் பார்க்கும்படி இருக்கிற, படித்தால் தலை சுற்றும் பக்கம் ஒன்றை எடுத்துத் திருத்தி எழுதுங்கள். பழையதும் புதியதும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கட்டும். மூன்று போதும். ஆனால் அலுவலகக் கோப்புகளைத் தொடவே கூடாது, பெயரை அழித்துவிட்டாலும்கூட. ரகசியக் காப்பு விதி வேலையை விட்ட பிறகும் தொடரலாம். இன்னும் வேலையில் இருக்கிறீர்கள் என்றால், வெளி வேலை செய்யக் கூடாது என்று நியமனக் கடிதத்தில் ஏதாவது வரி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

சரி, ராஜினாமா. ஒரு கிளையன்டாவது தானாகவே இரண்டாவது வேலை கொடுக்கும் வரை பொறுங்கள். ஆறு மாதச் செலவு கையில் இருக்கட்டும். அப்புறம், க்ளெய்ம் பிரிவில் இருந்தவளாக ஒன்று சொல்கிறேன்: அலுவலகம் தந்த குழுக் காப்பீடு பெரும்பாலும் வேலையோடு போய்விடும். தனிப் பாலிசி தேவைப்படும் என்றால் வேலையில் இருக்கும்போதே எடுத்துவிடுங்கள், காத்திருப்புக் காலம் அப்போதே ஓட ஆரம்பிக்கும்.

கிளையன்டுக்கு எழுதும் மெயில் ஐந்தாறு வரிக்கு மேல் வேண்டாம். என்னுடையது இந்த மாதிரி இருக்கும்:

"வணக்கம். உங்கள் உதவிப் பக்கத்தில் க்ளெய்ம் நிராகரிப்பு பற்றிய பகுதியைப் படித்தேன். எந்த ஆவணம் விடுபட்டால் நிராகரிப்பு வரும் என்பது அதில் இல்லை. வாடிக்கையாளர்கள் போன் செய்து கேட்கும் கேள்வியே அதுதான். நான் க்ளெய்ம் பிரிவில் வேலை பார்த்தவள், இப்போது காப்பீடு பற்றி எழுதுகிறேன். இதே விஷயத்தை நான் எழுதிய விதம் இணைப்பில் இருக்கிறது. அந்தப் பகுதியை உங்களுக்கு எழுதித் தரட்டுமா?"

"எழுத்து என் உயிர்" என்றெல்லாம் எழுத வேண்டாம். பதில் வரவில்லையா? ஒரு வாரம் கழித்து ஒரு நினைவூட்டல், அதோடு விட்டுவிடுங்கள். இலவசமாக ஒரு கட்டுரை எழுதிக் காட்டச் சொன்னால், சேம்பிளைக் காட்டுங்கள். அதற்கு மேல் வேண்டும் என்றால் சின்னதாக, பணத்தோடு ஒரு சோதனை வேலை கேளுங்கள்.

விலைதான் எல்லோரும் தடுமாறுகிற இடம். வார்த்தைக்கு இவ்வளவு என்ற கணக்கில் நீளமாக எழுதுகிறவருக்குத்தான் லாபம். ஆயிரம் வார்த்தைச் சமாச்சாரத்தை நானூறில் அடக்குகிறவருக்கு நஷ்டம். அதனால் நான் முழு வேலைக்கும் சேர்த்து ஒரே விலை சொல்கிறேன். படிக்க, பேட்டி எடுக்க, எழுத, திருத்த எத்தனை மணி நேரம் ஆகும் என்று கூட்டி, என் மணி நேர விலையால் பெருக்குவேன். அந்த மணி நேர விலையைப் பழைய மாதச் சம்பளத்தை 160ஆல், அதாவது மாதத்தின் மொத்த வேலை நேரத்தால், வகுத்து எடுக்காதீர்கள். மாதத்தில் பாதி நேரம் மெயில், கணக்கு, வேலை தேடுவது என்று போய்விடும், அதற்கு யாரும் பணம் தர மாட்டார்கள். 80ஆல் வகுங்கள். வரியும் விடுமுறையும் அதற்கு மேல்.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு பொதுவான கட்டுரைகளை மலிவாக எழுதி வாங்குவது யாருக்கும் எளிது. அந்தச் சந்தைக்குள் புதிதாக நுழைய நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். சாட்ஜிபிடி எழுதியதில் எந்த வரி தப்பு என்று சொல்லத் தெரிந்தவராக இருங்கள். ஏஐ பயன்படுத்தலாமா என்று கிளையன்டிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

ஒப்பந்தம் என்றால் பயப்பட வேண்டாம், வேலையைத் தொடங்கும் முன் ஒரு மெயில் போதும். என்ன எழுதப் போகிறீர்கள், எந்தத் தேதிக்குள், எத்தனை முறை திருத்தம் (நான் இரண்டுக்கு மேல் போவதில்லை), பாதி முன்பணம், மீதி எப்போது, நடுவில் நிறுத்தினால் எவ்வளவு. இதற்கு "சம்மதம்" என்று பதில் வந்த பிறகே எழுத உட்காருங்கள். உரிமை பற்றியும் ஒரு வரி சேருங்கள். பெர்ன் உடன்படிக்கை என்ற சர்வதேசப் பதிப்புரிமை ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுகளில் பதிப்புரிமைக்குப் பதிவு எதுவும் தேவையில்லை, எழுதியதுமே அது வந்துவிடும். அதைக் கிளையன்டுக்குக் கொடுப்பது முழுப் பணமும் வந்த பிறகு என்று குறிப்பிடுங்கள். உங்கள் பெயரில் வராத எழுத்தாக இருந்தால், சேம்பிளாகக் காட்ட அனுமதியும் அதே மெயிலில் வாங்கிவிடுங்கள், பிறகு கேட்டால் தயங்குவார்கள்.

இன்வாய்ஸை வேலை ஒப்படைக்கும் அன்றே அனுப்புங்கள். கெடு முடிந்த மறுநாள் "இன்வாய்ஸ் எண் இது, கெடு நேற்று, எப்போது வரும்?" என்று ஒரு வரி போதும். மன்னிப்புக் கேட்கிற தொனி வேண்டாம். பெரிய நிறுவனம் என்றால் உங்களிடம் வேலை வாங்கியவருக்கு எழுதிப் பயனில்லை. கணக்குப் பிரிவில் யாரைக் கேட்பது என்று முதல் நாளே விசாரித்து வையுங்கள்.