தோல் புற்றுநோய்: கறுப்புத் தோலை நம்பி நாம் செய்யும் தவறுகள்

"நம்ம கறுப்புத் தோலுக்கு அதெல்லாம் வராதுங்க, வெள்ளைக்காரங்களுக்கு வர்றது." தோல் புற்றுநோய் என்று பேச்செடுத்தால் காங்கயத்திலும் கோபியிலும் கிடைக்கிற பதில் இதுதான். பாதி உண்மை. தோலுக்குக் கருநிறம் தரும் மெலனின் வெயிலின் புற ஊதாக் கதிரைப் பெருமளவு தடுத்துவிடுவதால், வெயிலால் வரும் தோல் புற்றுநோய் நம்மிடம் குறைவு. ஆனால் வெயிலுக்குச் சம்பந்தமில்லாத வகைகளும் உண்டு. அவை வருகிற இடங்களை நாம் பார்ப்பதே இல்லை.

முதலில் பாதத்தைப் பாருங்கள். மெலனோமா என்பது வேகமாகப் பரவும் வகை. நம்மைப் போன்ற நிறத்தவர்களுக்கு அது பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகிய இடங்களில் வருகிறது. பாடகர் பாப் மார்லிக்கு 1977-இல் கால் கட்டைவிரல் நகத்தடியில் கண்டுபிடித்தது இதைத்தான். 1981-இல், 36 வயதில் இறந்துபோனார். காட்டு வேலைக்கு வெறுங்காலோடு போகிறவர்கள் உள்ளங்காலில் கருந்திட்டு வந்தால் முள் குத்திய தழும்பு என்று விட்டுவிடுகிறார்கள். இல்லையென்றால் கால் ஆணி என்று மருந்துக் கடைப் பிளாஸ்திரியை ஒட்டி, பிளேடால் சீவுகிறார்கள். ஓரம் கோணல்மாணலாக, இரண்டு மூன்று நிறம் கலந்து, மாதத்துக்கு மாதம் பெரிதாகிற திட்டு ஆணி இல்லை. நகத்தில் கருங்கோடு நமக்குச் சகஜம்தான், பல விரல்களில் இருக்கும். ஒரே ஒரு நகத்தில் புதிதாகக் கோடு வந்து, அகலமாகி, நகத்தைச் சுற்றியுள்ள தோலிலும் கருமை இறங்கினால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

அடுத்தது பழைய புண். சின்ன வயதில் அடுப்பிலோ கரும்புப்பால் காய்ச்சும் கொப்பரையிலோ சுட்ட தழும்பு, முப்பது வருடம் கழித்து வெடித்து ஆறாத புண்ணாகலாம். மஞ்சள் பற்றுப் போட்டுக் காத்திருப்பார்கள். அந்தப் புண்ணிலேயே புற்றுநோய் உருவாவதுண்டு. மருத்துவத்தில் இதற்கு மார்ஜோலின் புண் என்று பெயர். வருடக்கணக்கில் ஆறாத சர்க்கரைப் புண்ணிலும் இது வரலாம். ஒரு மாதத்தில் ஆறாத எந்தப் புண்ணுக்கும் சோதனை தேவை. இடுப்பையும் மறக்க வேண்டாம். வேட்டியை ஒரே இடத்தில் இறுக்கி இறுக்கிக் கட்டியதால் வந்த புற்றுநோயை இந்திய மருத்துவர்கள் 1945-லேயே பதிவு செய்திருக்கிறார்கள். பாவாடை நாடாவாலும் அது வந்ததுண்டு. நாடாவைக் கொஞ்சம் தளர்த்தி, இடம் மாற்றிக் கட்டினால் போதும்.

கோவை லேத் பட்டறைக்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. மான்செஸ்டரைச் சுற்றியிருந்த பஞ்சாலைகளில் நூற்பு இயந்திரத்தின் எண்ணெய் வருடக்கணக்கில் தெறித்து, தொழிலாளர்களுக்கு விதைப்பையில் புற்றுநோய் வந்தது. இன்றைய சுத்திகரித்த கட்டிங் ஆயிலில் அந்த ஆபத்து வெகுவாகக் குறைந்துவிட்டது. ஓடித் தேய்ந்த என்ஜின் ஆயில் அப்படியில்லை. அதைத் துடைத்த பனியன் வேஸ்ட்டைப் பேன்ட் பாக்கெட்டில் செருகிக்கொண்டே நாள் முழுக்க நிற்பதுதான் பெரிய தவறு. எண்ணெய் துணி வழியாக ஊறித் தொடையில் இறங்கும். அதே துணியை மறுநாளும் மாட்டாமல் துவைத்துப் போடுங்கள். கையைப் பெட்ரோலில் கழுவாமல் சோப்பில் கழுவுங்கள்.

தண்ணீர் என்றாலே நம் பக்கம் நொய்யலின் சாயத்தண்ணீர்தான் நினைவுக்கு வரும். ஆனால் தோல் புற்றுநோய்க்குக் காரணமென்று உறுதியாக நிரூபிக்கப்பட்ட நீர் நஞ்சு ஆர்செனிக். மேற்கு வங்கத்தில் குழாய்க் கிணறுகளில் அதைக் கண்டார்கள். லேபிள் இல்லாத சித்த மருந்துப் பற்பங்களிலும் அது இருக்கலாம். உள்ளங்கையில் சொரசொரவென்று கடினமான மணிகள் வருவது அதன் அடையாளம்.

பரம்பரை விஷயத்தில் நடக்கும் தவறு வேறு மாதிரி. "எங்க வம்சத்துல யாருக்கும் இல்லை" என்று நிம்மதியாக இருந்துவிடுகிறோம். சீரோடெர்மா பிக்மென்டோசம் என்றொரு நோய் இருக்கிறது. புற ஊதாக் கதிரால் சிதைந்த டிஎன்ஏவைச் சரிசெய்யும் மரபணுவில் கோளாறு; 1968-இல்தான் இது தெரியவந்தது. தாய் தகப்பன் இருவரிடமும் அந்தக் குறை ஒளிந்திருந்தால் இருவரும் நன்றாகவே இருப்பார்கள். பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நாலில் ஒரு வாய்ப்பு. அத்தை மகள், மாமன் மகன் என்று உறவுக்குள் கட்டும்போது ஒரே குறை இருவரிடமும் சேர்வது எளிது. இரண்டு வயதுக்குள் முகத்தில் பொட்டுப் பொட்டாகப் புள்ளிகள், வெளிச்சத்தில் கண் கூசி அழுவது, கொஞ்ச வெயிலுக்கே தோல் வெந்துபோவது — இதையெல்லாம் மச்சம், சூட்டுக் கட்டி என்று தள்ளாதீர்கள். இந்தக் குழந்தைகளுக்குப் பத்து வயதுக்குள்ளேயே புற்றுநோய் வந்துவிடலாம். பிறவியிலேயே தோல், முடி எல்லாம் வெளுத்த குழந்தைகளுக்கும் மெலனின் பாதுகாப்பு இல்லை. முழுக்கைச் சட்டை, அகலத் தொப்பி, சன்ஸ்கிரீன் எல்லாம் இவர்களுக்கு அழகுப் பொருளல்ல, மருந்து. வெண்புள்ளியை இதோடு குழப்ப வேண்டாம். அது புற்றுநோயுமல்ல, ஒட்டுவதுமில்லை.

ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும்போது பொள்ளாச்சியில் வெயிலே தெரியாது. சூடு வேறு, புற ஊதாக் கதிர் வேறு. காற்று சூட்டைத்தான் குறைக்கும். ஊட்டிக் குளிரில் அந்தக் கதிர் இன்னும் கூடுதல்; உயரம் ஏற ஏற அது அதிகமாகும். சிறுநீரகம் மாற்றி வைத்து எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

"கத்தி பட்டாப் பரவிடும்" என்று பயாப்சிக்கு (சதையில் ஒரு துண்டை எடுத்துச் சோதிப்பதற்கு) பயந்து நாள் கடத்துவதுதான் எனக்கு ஆற்றாமையைத் தருகிறது. கத்தி பட்டுப் பரவுவதில்லை. ஆரம்பத்திலேயே வெட்டியெடுத்தால் பெரும்பாலானவர்களுக்கு அத்தோடு முடிந்துவிடும். பரு, மச்சம் என்று பியூட்டி பார்லரில் சுட்டு எடுக்காதீர்கள், அப்புறம் சோதிக்க ஒன்றுமே மிஞ்சாது. தோல் மருத்துவரிடம் போங்கள். அகற்றிய துண்டைச் சோதனைக்கு அனுப்பினார்களா என்று கேட்டு, அந்த ரிப்போர்ட்டைக் கையில் வாங்கி வையுங்கள்.