ரைஃபிளின் பித்தளையில் கீறலா? பாலிஷ் கடைசியில்தான்

கீறல் விழுந்த பித்தளைப் பாகத்தைக் கழற்றி, 800, 1500, 2000 என்ற எண் வரிசையில் (எண் கூடக் கூடத் தாள் நைசாகும்) உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்துவிட்டு, அப்புறம் பாலிஷ் போடுங்கள். (தோட்டா இல்லை என்பதை முதலில் இருமுறை பார்த்துவிட்டுத்தான் கழற்ற வேண்டும்.) தாளை விரலால் அழுத்தாமல் சின்ன மரக்கட்டையில் சுற்றிக்கொள்ளுங்கள், விரல் பட்ட இடம் குழிந்து, வெளிச்சத்தில் அலையலையாகத் தெரியும்.

பாலிஷ் கீறலின் ஓரத்தை மழுக்கி மினுக்கும், பள்ளம் அப்படியே இருக்கும். உப்புத்தாள் சுற்றியுள்ள பரப்பையே பள்ளத்தின் மட்டத்துக்கு இறக்குகிறது. ஒவ்வொரு தாளுக்கும் திசையைக் குறுக்காக மாற்றினால், முந்தைய தாளின் கோடு மிச்சமிருப்பது உடனே கண்ணில் படும். அம்மோனியா கலந்த பாலிஷ் வேண்டாம், பித்தளையில் வெடிப்பு விடக்கூடும்.

காந்தம் ஒட்டினால் அது பித்தளை முலாம் பூசிய இரும்பு. தேய்த்தால் முலாம் போய்விடும். முத்திரை, எழுத்து, செதுக்கல் உள்ள இடத்தையும் விட்டுவிடுங்கள். 1866 வின்செஸ்டர் ரைஃபிள் போன்ற அசல் பழம்பொருளில் கை வைக்கவே வேண்டாம். அந்தப் பழுப்பேறிய நிறத்துக்குத்தான் சேகரிப்பாளர் காசு கொடுக்கிறார்.