கொலராடோ பனிச்சறுக்கு: நீண்ட வார இறுதிக்கு மலை தேர்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி நெருங்கும்போது, டென்வருக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் என்னிடம் ஒரே கேள்வியோடு வருகிறார்கள்: "ஜனாதிபதிகள் தின விடுமுறைக்கு வேயில் போகலாமா, பிரெக்கன்ரிட்ஜ் போகலாமா?" பிப்ரவரியின் மூன்றாம் திங்களன்று வரும் விடுமுறை அது; இரண்டும் பனிச்சறுக்கு மலைகள். பதினொரு குளிர்காலங்களுக்கு முன் நான் கேட்டதும் இதே கேள்விதான், செய்த தவறுகளும் பெரும்பாலும் இவையேதாம். கையுறையை மறப்பது, ஜீன்ஸ் அணிந்து சறுக்க வருவது போன்றவற்றை ஒருமுறை நனைந்தால் எவரும் திருத்திக்கொள்வார் என்பதால், அவற்றை விட்டுவிடுகிறேன்.

கிலோமீட்டரைப் பார்த்து மலையை முடிவுசெய்வது

டென்வரிலிருந்து பிரெக்கன்ரிட்ஜ் ஏறத்தாழ 130 கிலோமீட்டர். இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம் என்று கைபேசி சொல்லும். அது செவ்வாய்க்கிழமை மதியத்துக்கான கணக்கு. கீஸ்டோன், பிரெக்கன்ரிட்ஜ், காப்பர், வேயில், பீவர் கிரீக் என்று பெயர்பெற்ற மலைகள் அனைத்துக்கும் டென்வர்க்காரர்கள் ஐ-70 என்ற ஒரே நெடுஞ்சாலையில்தான் போகிறார்கள். அந்தச் சாலை சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் ஐசனோவர் சுரங்கத்துக்குள் நுழையும்போது, ஒரு திசைக்கு இரண்டே தடங்கள். மறுபுறம் நெரிசல் மிகுந்தால், சுரங்கத்துக்குள் வண்டிகள் தேங்கி நிற்காதிருக்க, வாயிலிலேயே நிறுத்தி நிறுத்தி அனுப்புவார்கள்.

என் முதல் ஜனாதிபதிகள் தின வார இறுதியில், நான்கு பேருக்கும் காலை ஒன்பதரை மணிப் பயிற்சி வகுப்புக்கு முழுப் பணமும் கட்டியிருந்தேன். சனிக்கிழமை விடியுமுன்பே கிளம்பிவிட்டோம் என்ற பெருமிதம் ஐடஹோ ஸ்பிரிங்ஸ் வரைகூட நீடிக்கவில்லை; கண்ணுக்கெட்டிய தூரம்வரை சிவப்பு விளக்குகள் மட்டுமே தெரிந்தன. மலையடியை அடைந்தபோது மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. வண்டி நிறுத்துமிடம் நிரம்பியிருந்ததால் தொலைவில் விட்டுவிட்டுப் பேருந்தில் வந்து சேர்ந்தோம். வகுப்பு முடியும் தறுவாயில் இருந்தது, பணமும் திரும்பி வரவில்லை. இவ்வளவுக்குப் பிறகும் மறுநாள் அரை மணி நேரம் மட்டும் முன்னதாகக் கிளம்பி, அதே வரிசையில் போய் நின்றேன் என்பதுதான் இன்றும் என்னை எரிச்சலூட்டுகிறது.

ஆகவே, முதலில் கேட்க வேண்டியது மலை சுரங்கத்துக்கு இப்பாலா, அப்பாலா என்பதே. லவ்லண்ட் இப்பால் இருக்கிறது. சுரங்கமே அதன் சரிவுகளுக்கு அடியில்தான் செல்கிறது. அங்கே காற்று கடுமையாக வீசும், மலையடியில் தங்கும் விடுதி கிடையாது. ஆனால் புதியவர்களுக்கென்று 'வேலி' (Valley, பள்ளத்தாக்கு) என்ற தனிப் பகுதி உண்டு, வண்டியைக் கட்டணமின்றி நிறுத்தவும் இடம் உண்டு. விண்டர் பார்க்குக்குச் சுரங்கத்துக்கு முன்பே எம்பயர் அருகில் பிரிந்து பெர்த்துட் கணவாய் ஏற வேண்டும். எம்பயர் வரை அதே நெரிசல்தான். ஆயினும் அந்த மலைக்கு மட்டும் ஒரு மாற்றுவழி இருக்கிறது. டென்வர் யூனியன் ஸ்டேஷனிலிருந்து குளிர்காலத்தில் ஆம்ட்ராக் ஓட்டும் ரயில், 1928-இல் திறக்கப்பட்ட, பத்து கிலோமீட்டர் நீளமுள்ள மொஃபட் சுரங்கத்தைக் கடந்து, ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில், சறுக்குவோரை மலைமேல் ஏற்றும் லிஃப்டுகளின் அருகிலேயே இறக்கிவிடும். விடுமுறை நாள்களின் இருக்கைகளை முன்கூட்டியே வாங்கிவிட வேண்டும். சுரங்கத்துக்கு அப்பால்தான் போவேன் என்பவர்கள் வியாழன் இரவே போய்ச் சேர்வதும், திங்கள் பிற்பகலில் திரும்பாமல் இரவு உணவை அங்கேயே முடித்துக்கொண்டு கிளம்புவதும் நல்லது.

பாஸின் விலக்கு நாள்களைப் பாராமல் விடுதி பதிவது

எபிக் லோக்கல், ஐகான் பேஸ் போன்ற விலை குறைந்த சீசன் பாஸ்கள் (குளிர்காலம் முழுவதுக்குமாக வாங்கும், பல மலைகளுக்கான அனுமதிச் சீட்டுகள்) சில மலைகளில், கிறிஸ்துமஸுக்கு அடுத்த வாரத்திலும், மார்ட்டின் லூதர் கிங் நாள், ஜனாதிபதிகள் தினம் ஆகியவற்றையொட்டிய சனி ஞாயிறுகளிலும் செல்லாது. எபிக் லோக்கல் வைத்திருப்போருக்கு வேயிலும் பீவர் கிரீக்கும் அத்தகையவை. இதை அறியாமல் வேயிலில் அறை எடுத்த நண்பர் ஒருவர், ஒரு நாள் டிக்கெட் 300 டாலரைத் தாண்டியிருந்ததைப் பார்த்துவிட்டு, இரண்டு நாள்களும் நகரின் கடைத்தெருவைச் சுற்றிவிட்டுத் திரும்பினார்.

ஏக்கரைக் கண்டு மயங்குவது

வேயிலின் 5,317 ஏக்கரில், சறுக்குக் கட்டைகளை முதன்முறையாக மாட்டுபவர் ஒரே சரிவில்தான் நாள் முழுதும் விழுந்தெழுவார். திறன் வேறுபட்டவர்கள் சேர்ந்து செல்வதானால், பரப்பைவிட அமைப்பைப் பார்க்க வேண்டும். காப்பர் மலையில் மேற்குப் பக்கம் எளிய சரிவுகளும் கிழக்கே போகப்போகக் கடினமானவையும் இயற்கையாகவே பிரிந்து கிடப்பதால், புதியவர் வழிதவறிக் கடினமான சரிவுக்கு அடையாளமான கறுப்பு வைரக் குறியிட்ட பாதையில் போய் நிற்கும் வாய்ப்பு குறைவு.

எல்லா மலைகளிலும் பச்சை ஒன்றே என்று நம்புவது

எளிய சரிவுகளைப் பச்சை நிறத்தால் குறிப்பார்கள்; ஆனால் ஒவ்வொரு மலையும் தன் சரிவுகளைத் தமக்குள் ஒப்பிட்டே நிறம் இடுகிறது.

வாடகைக் காரின் டயரைப் பாராமல் எடுப்பது

பாருங்கள்; பனிக்குத் தகுந்த டயரோ சங்கிலியோ வண்டியில் இருக்க வேண்டும் என்பது ஐ-70இன் மலைப்பகுதியில் செப்டம்பர் முதல் மே வரை சட்டம்.

முதல் இரவே உயரத்தில் படுப்பது

டென்வர் 1,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வேயில் ஏறத்தாழ 2,500 மீட்டர், பிரெக்கன்ரிட்ஜ் 2,900 மீட்டருக்கும் மேல். கடலோர ஊரிலிருந்து விமானத்தில் வந்திறங்கும் விருந்தினரை அன்றே பிரெக்கன்ரிட்ஜுக்கு அழைத்துச் சென்றால், தலைவலியும் தூக்கமின்மையுமாக மறுநாள் காலை வீணாகக்கூடும். இத்தகைய விருந்தினருடன் போகும்போது, முதல் இரவை டென்வரில் கழித்துவிட்டு, பிறகு வேயிலையோ, பகலில் சறுக்கிவிட்டு இரவில் கீழே இறங்கிவிடக்கூடிய லவ்லண்டையோதான் நான் தேர்வு செய்கிறேன்.