கொழும்பில் சாப்பாட்டு நடை: பலரும் சறுக்கும் இடங்கள்

கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் பள்ளிக்கூட விடுமுறைக்கு வரும் உறவுகள் இப்போதெல்லாம் கொழும்பில் ஒரு நாளைச் சாப்பாட்டு நடைக்கென்று ஒதுக்கிவிடுகிறார்கள். வழிகாட்டி முன்னே போவார். ஏழெட்டுப் பேர் பின்னே போய், கடைக்குக் கடை நின்று, கொஞ்சம் கொஞ்சமாய்ச் சாப்பிட்டுக்கொண்டு மூன்று மணித்தியாலம் போல நடப்பார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பதிவு செய்யும்போது விலையைப் பார்க்கிறார்கள், என்னென்ன சாப்பாடு என்று பார்க்கிறார்கள், நேரத்தை மட்டும் தங்கள் வசதிக்கு வைத்துக்கொள்கிறார்கள். பிழை அங்கேதான் தொடங்குகிறது. கொழும்பில் தெருவுக்குத் தெரு அடுப்பு மூட்டும் நேரம் வேறு.

கொழும்பின் கடைத்தெருப் பகுதியான புறக்கோட்டை பகலில் இயங்கும் ஊர். கடைகள் காலை ஒன்பது, பத்துக்குத் திறந்து பொழுதுபடும்போது மூடிவிடும். செட்டியார் தெரு நகைக்கடைகளும் கதிரேசன் கோயில்களும், இரண்டாம் குறுக்குத் தெருவில் 1908இல் தொடங்கி 1909இல் கட்டி முடித்த சிவப்பு வெள்ளைப் பள்ளிவாசலும், வெங்காயமும் செத்தல் மிளகாயும் மணக்கும் நாலாம் குறுக்குத் தெரு மொத்தக் கடைகளும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டியவை. இரவு எட்டு மணிக்கு அங்கே போனால் இழுத்துவிட்ட கதவுகளைத்தான் பார்க்கலாம். புதுக்கடைப் பகுதி நேரெதிர். பகலில் அது நீதிமன்றத் தெரு. கறுப்புக் கோட்டுடன் சட்டத்தரணிகளும், கோப்புகளைக் கட்டிப்பிடித்தபடி வழக்குக்காரர்களும் நடமாடுவார்கள். இருட்டியதும் அப்துல் ஹமீத் தெருவில் கொத்து ரொட்டிக் கல் சூடேறும், கோழி அனலில் வாடும், பலூடாக் குவளைகள் வரிசையாக நிற்கும். இரண்டையும் ஒரே நடையில் அடக்குவதாகச் சொல்பவர்கள் ஏதோ ஒன்றைப் பாதியாகத்தான் காட்ட முடியும். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். என்னைக் கேட்டால், முதல் தடவை வருபவருக்குப் பகல் புறக்கோட்டை. ஏற்கெனவே ஊரைத் தெரிந்தவருக்கு இரவுப் புதுக்கடை.

சாப்பாட்டுக்கும் இதே கணக்குத்தான். அப்பம் காலையில் சுடுவார்கள், பிறகு பின்னேரம் நாலு, ஐந்துக்கு மேல் சுடுவார்கள். மத்தியானம் ஒரு மணிக்கு முட்டை அப்பம் கேட்டால் கடைக்காரர் உங்களை ஒருமாதிரிப் பார்ப்பார். சோறு கறிக்கு நேரம் பன்னிரண்டிலிருந்து இரண்டு. அதற்குப் பிறகு போனால் நல்ல கறி முடிந்து பருப்பும் அப்பளமும்தான் மிஞ்சியிருக்கும். கொத்து பொழுதுபட்ட பிறகு. பட்டியலில் அப்பம், சோறு கறி, கொத்து மூன்றும் ஒரே மூன்று மணித்தியாலத்துக்குள் இருந்தால், ஏதோ ஒன்று ஆறிப்போனதாக இருக்கும்.

அப்புறம் நாள். ஞாயிற்றுக்கிழமை புறக்கோட்டையில் நடைபாதை வியாபாரம் நடக்கும், பல கடைகள் பூட்டு. வெள்ளி மத்தியானம் ஜும்ஆ நேரத்தில் முஸ்லிம் கடைகள் ஒன்று ஒன்றரை மணித்தியாலம் மூடும். போயா எனும் பௌர்ணமி விடுமுறை நாளில் இறைச்சிக்கடையும் மதுக்கடையும் திறக்கவே கூடாது, மற்றக் கடைகளிலும் பாதி மூடியிருக்கும். விமானச் சீட்டுப் போடும்போதே நாட்காட்டியில் போயா எது என்று பார்த்துவைப்பது நல்லது. வெசாக் போயா என்றால் சாப்பாட்டுக்குக் குறைவில்லை. அன்றும் மறுநாளும் தெருவெல்லாம் தன்சல் போட்டு, வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் இலவசமாகச் சோறும் கடலையும் குளிர்பானமும் கொடுப்பார்கள். அதற்கு வழிகாட்டியும் வேண்டாம், கட்டணமும் வேண்டாம். வரிசையில் நிற்கப் பொறுமை இருந்தால் போதும்.

நோன்பு மாதத்தில் பகல் நடையைத் தவிர்த்து மாலைக்கு வையுங்கள். நோன்புக் கஞ்சியும் சமோசாவும் பேரீச்சம்பழமும் அந்த நேரத்தில்தான். ஒன்று மட்டும்: பாங்கு சொல்லும் அந்த நேரத்தில் நாள் முழுக்கப் பட்டினி கிடந்த மனிதர் முதல் மிடறு தண்ணீர் குடிக்கிறார். அவர் முகத்துக்கு நேரே கைபேசியை நீட்டுவது அழகல்ல. இருபது நிமிடம் பொறுத்தால் அவரே கூப்பிட்டுக் கஞ்சி தருவார்.

பழைய குறிப்புகளை நம்பி வருவதும் ஒரு தொல்லை. புறக்கோட்டை மெனிங் சந்தையில் காலையில் மரக்கறி இறக்குவதைப் பார்க்க வேண்டும் என்று இன்னமும் கேட்கிறார்கள். அந்தச் சந்தை 2020இல் பேலியகொடைக்குப் போய்விட்டது.

சரி, வயிற்றுக்கு வருவோம். விடுதியில் காலைச் சாப்பாடு கட்டணத்தோடு சேர்ந்தது என்பதற்காக ஒரு பிடி பிடித்துவிட்டு நடைக்கு வருவது பெரிய வீண். அதைவிடப் பெரிய வீண், முதல் கடையிலேயே ஆளுக்கொரு கொத்து எடுப்பது. கொழும்புக் கடைகளில் ஒரு முழுக் கொத்து இரண்டு பேருக்குத் தாராளம். நாலு பேருக்கு ஒன்று எடுத்து, மேலும் இரண்டு வெறும் தட்டுக் கேளுங்கள். ஒருவரும் குறை நினைக்கமாட்டார்கள். பலூடாவையும் கடைசிக்கு வையுங்கள். கசகசா, சேமியா, ஐஸ்கிரீம் எல்லாம் பாலில் ஊறிய அந்த ஒரு குவளை உள்ளே போனால் அப்புறம் எதற்கும் இடமில்லை.

வெளியூர்க்காரர் அதிகம் தடுமாறுவது தேநீர்க்கடைத் தட்டில். மேசையில் உட்கார்ந்ததும் கேட்காமலே ஒரு தட்டு வந்துவிடும்: இரண்டு ரோல்ஸ், இரண்டு பற்றீஸ், நாலு கட்லட், மீன் பணிஸ், ஓரத்தில் ஒரு முட்டை ரொட்டி. சிலர் இது இலவசம் என்று நினைப்பார்கள். சிலர் வந்ததெல்லாம் முடிக்க வேண்டும் என்று திணறுவார்கள். இரண்டும் இல்லை. எடுத்ததை எண்ணிக் காசு, மிச்சம் அடுத்த மேசைக்குப் போகும். அதனால்தான் கையால் ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்துவிட்டு வைக்கக் கூடாது. தொட்டால் எடுக்க வேண்டும். காலையில் பதினொரு மணிக்கு முந்தியும் பின்னேரம் மூன்றரைக்குப் பிந்தியும் சூடாக இருக்கும். இடையில் வரும் தட்டில் ரோல்ஸின் மேல்தோல் துவண்டு கிடந்தால், இஞ்சி பிளேன்டீயோடு நிறுத்திக்கொள்ளலாம்.

சைவக்காரர்கள் கவனிக்க வேண்டியது மாசி, அதாவது காயவைத்த சூரை மீன். வழிகாட்டியிடம் “நான் மச்சம் சாப்பிடுவதில்லை” என்று சொன்னால் இறைச்சியும் மீனும் வராது, ஆனால் மாசி வந்துவிடும். தேங்காய்ச் சம்பலில், கட்டைச் சம்பலில், பணிஸுக்குள் வைக்கும் சீனிச் சம்பலில், சில கடைகளில் பருப்பிலும் கீரையிலும் கூட இடித்த மாசி இருக்கும். கேட்டால் வரும் பதிலும் நேர்மையானதுதான்:

“தம்பி, இதில மீன் இருக்கா?”

“மீனெல்லாம் இல்லை அம்மா. கொஞ்சம் மாசி மட்டும்தான்.”

பலருக்கு அது மீன் கணக்கில் இல்லை, உப்பு மாதிரி ஒரு சேர்மானம். ஆகவே மாசி என்று பெயர் சொல்லியே கேளுங்கள். கொத்துக் கல்லும் அப்படித்தான். மரக்கறிக் கொத்து என்று எடுத்தாலும், சற்று முன் மாட்டிறைச்சிக் கொத்துப் போட்ட அதே கல், அதே தகடுகள், சிலவேளை மேலே ஊற்றும் குழம்பும் அதுவே. கடற்கரையோரக் காலிமுகத்திடலில் பருப்பு வடை பொரிவதும் பெரும்பாலும் இறால் வடை பொரிந்த எண்ணெயில். இதெல்லாம் மனதுக்கு ஒவ்வாதென்றால் நடையின் சாப்பாட்டுப் பகுதியைச் செட்டியார் தெருப் பக்கத்துச் சைவக் கடைகளிலோ வெள்ளவத்தையிலோ வைக்கும்படி முதல் நாளே சொல்லிவிடுங்கள். அன்றைக்கு அந்த இடத்தில் நின்றுகொண்டு சொன்னால் வழிகாட்டிக்கும் சங்கடம், உங்களுக்கும் பட்டினி. முந்திரி ஒவ்வாமை உள்ள பிள்ளை இருந்தால் வட்டிலப்பத்தையும் கேட்டுவிட்டே கொடுங்கள். அதில் முட்டையும் உண்டு.

காலிமுகத்திடல் என்றதும் ஒன்று. அந்த உலாவிடம் 1856இல் தொடங்கி 1859இல் முடிந்தது. கொழும்புப் பெண்களினதும் பிள்ளைகளினதும் நலன் கருதி அதைப் பேணும்படி ஆளுநர் ஹென்றி வோர்ட் தனக்குப் பின் வருபவர்களைக் கேட்டுக்கொண்டதாக அங்கே கல்லில் பொறித்திருக்கிறது. பெண்களும் பிள்ளைகளும் இன்றும் வருகிறார்கள், வடை சாப்பிட. அங்கே மட்டுமல்ல, எந்தத் தள்ளுவண்டியிலும் விலையைக் கேட்ட பிறகு தட்டை வாங்குங்கள். வடையை எடுத்துக் கடித்துவிட்டு விலை பேசுவதால் வரும் மனஸ்தாபம்தான் அதிகம். கேட்ட விலை சரியாக இருந்தால் பேரம் வேண்டாம். புடவைக்குப் பேசுவதுபோல் வடைக்குப் பேசுவதைப் பார்க்கக் கூச்சமாக இருக்கிறது. ஐயாயிரம் ரூபாய் நோட்டை மாற்றிக்கொண்டு வாருங்கள்.

உறைப்பு ஏறினால் தண்ணீர் குடித்துப் பயனில்லை. மிளகாயின் காரம் தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். தயிரோ பாலோ கேளுங்கள். எருமைத் தயிரும் கித்துள் பாணியும் கிடைத்தால் உறைப்பு ஒரு நல்ல சாட்டு. வயிற்றுக் கோளாறுக்குப் பயந்தால் கண் முன்னே பொரித்து எடுப்பதைத் தாராளமாகச் சாப்பிடலாம். வெட்டி வெயிலில் வைத்த பழமும், எங்கிருந்து வந்தது என்று தெரியாத ஐஸும்தான் சந்தேகத்துக்குரியவை. உப்பும் மிளகாய்த்தூளும் போட்ட அன்னாசி வேண்டுமென்றால் புதிதாக ஒன்றைச் சீவித் தரச் சொல்லுங்கள்.

காலில் கழற்றி மாட்ட இலகுவான செருப்பு இருக்கட்டும். கோயில், பள்ளிவாசல் இரண்டிலும் கழற்ற வேண்டும். தோளையும் முழங்காலையும் மூடிய உடுப்பு இரண்டுக்கும் பொருந்தும். ஐப்பசி, கார்த்திகையில் பின்னேர மழை சொல்லாமல் வரும், குடை கட்டாயம். புறக்கோட்டையில் நடுத்தெருவில் நின்று படம் எடுக்காதீர்கள். சுமை தூக்கும் நாட்டாமிமார் மூட்டை ஏற்றிய வண்டியை இழுத்துக்கொண்டு வரும்போது நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது; அவர்களுக்குச் சுமைக் கணக்கில் கூலி. குரல் கேட்டதும் சுவரோடு ஒதுங்குவதுதான் முறை.

வழிகாட்டியைத் தேர்ந்தெடுப்பதில் மூன்று கேள்வி கேளுங்கள். சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் அனுமதி அட்டை உண்டா? கூட்டம் எத்தனை பேர்? நடை எங்கே முடியும்? பத்துப் பேருக்கு மேல் போனால் கடைசியில் நிற்பவருக்குக் கதையும் கேட்காது, வடையும் ஆறிவிடும். இரத்தினக்கல் கடையிலோ மசாலாப் பொதி விற்கும் கடையிலோ முடியும் நடை சாப்பாட்டு நடை அல்ல.

தமிழ் பேசுகிற நமக்குப் புறக்கோட்டையில் ஒரு வசதி உண்டு, அதைப் பலர் வீணாக்குகிறார்கள். வழிகாட்டி ஆங்கிலத்தில் விளக்க, நாமும் ஆங்கிலத்தில் தலையாட்டிக்கொண்டு நிற்போம். எதிரே கல்லடியில் நிற்கும் முஸ்லிம் அண்ணனுக்கு, அதாவது நானாவுக்கு, நம்மைவிட நல்ல தமிழ். “நானா, மாவு எப்ப புளிக்க வைப்பீங்க?” என்று கேட்டுப் பாருங்கள், பட்டியலில் இல்லாத ஒரு துண்டு தட்டில் விழும். ஆனால் “யாழ்ப்பாணத்தில இதைவிட நல்லாச் செய்வம்” என்று தொடங்கும் மாமாக்களைத் தயவுசெய்து வீட்டில் விட்டு வாருங்கள். சொல்வது உண்மையாகவே இருக்கலாம். அடுப்படியில் வியர்த்துக்கொண்டு நிற்பவர் முன்னால் சொல்ல வேண்டியதில்லை.

முடிந்ததும் வழிகாட்டிக்குக் கொடுப்பதைத் தனியாகக் கையில் கொடுங்கள். கடைக்காரர்களுக்குரிய காசு கட்டணத்தில் சேர்ந்ததா என்பதை முதலிலேயே கேட்டு வைத்திருந்தால் அந்த நேரத்தில் தடுமாற்றம் இராது. புதுக்கடையில் இரவு பத்துக்கு மேல் தெருவுக்குள் ஓட்டோ நுழைவது கஷ்டம். பிரதான வீதி வரை நடந்து வந்து கூப்பிடுங்கள், மீற்றர் போடச் சொல்லிவிட்டு ஏறுங்கள்.